பக்கத்து நாற்காலிக்காரர்

போன வாரம் செங்கல்பட்டில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கொன்றும் இல்லை, பதறாதீர்கள்! எங்கள் தெரு வேன் டிரைவர் தேசிங்குக்குத் துணையாகப் போனேன். அவர் மனைவி கலா கோபித்துக்கொண்டு படூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏன் கோபம்? தேசிங்கின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ். அதிலும் இந்தப் பக்கம் அபூர்வமாகத் தென்படும் வகை. "இதே வகை இங்க இன்னொரு பேஷன்ட்டுக்கும் இருக்கு. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்ல வந்ததே இல்லையே... வெளியில எங்கயாவது ஊசி போட்டீங்களா?" என்று டாக்டரம்மா விசாரித்திருக்கிறார். மகாபலிபுரத்துக்கு சவாரி போய் ராத்தங்கும் மனுஷன்... கலாவின் மனசு எங்கெங்கோ போய்விட்டது. தேசிங்கோ வாயே திறக்கவில்லை.

கலாவையும் அன்று ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தார். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த இன்னொரு நோயாளி, திருவிடந்தையில் மீன் ஏலம் விடும் ஏழுமலை, நேராக டாக்டரம்மாவிடம் போனார்.

"மேடம், அந்த இன்னொரு ஆளு நான்தான். மீன் நெறைய வர்ற நாள்ல, காலீல ஏலத்துக்குப் போயிட்டு, சாயங்கால ஆளு ஒருத்தரோட டர்ன மாத்திக்குவேன். அவரு பேர்லதான் எழுதுவாங்க. இந்த தேசிங்கு அண்ணாத்த பக்கத்து சேர்லதான் குந்திகினு இருந்தேன்... தெரிஞ்சா டர்ன் பூடும்னு சொல்லல."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். "ரத்தம் உறையாம இருக்கப் போடற மருந்து... ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டிலா?"

நர்ஸ் ஒப்புக்கொண்டார். அவசரத்தில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மறுபடி பாட்டிலில் விட்டிருக்கிறார்கள்!

"வைரஸ் வந்த வழி இதுவாத்தான் இருக்கணும். தப்பு எங்க மேல. ரெண்டு பேருக்கும் மாத்திரை இருக்கு, குணமாயிடும். டர்ன் எங்கயும் போகாது."

கலா புருஷன் பக்கம் திரும்பினார். "யோவ், ஒனக்குத் தெரியும்ல? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"சொன்னா அவன் டர்ன் பூடும். டயாலிசிஸ் இல்லாம அவன் எங்க போவான்?"

கலா அழுத அழுகையை என்னாலேயே தாங்க முடியவில்லை. கூடவே வாழ்கிறவரைச் சந்தேகப்படுவதுதான் நமக்கு எத்தனை சுலபம்!

கலா அன்றே வீடு திரும்பிவிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சிறுநீரக நோயாளிக்கு ஆகாதென்று உப்பே போடாமல் குழம்பு வைத்தார். "சோக்கா கீது" என்று தேசிங்கு தட்டை வழித்தார்.

பச்சைப் பொய்தான்... அதை மட்டும் யாரும் துருவ வேண்டாம்!