போலாம் ரைட்

இன்று போடிமெட்டு பஸ்ஸில் ஜன்னலோரம். வளைவுகளில் மேகம் உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. நான் எண்பதுகளுக்குப் போய்விட்டேன்.

போடியில் அஞ்சல்வழிக் கல்விக்காரர்கள் தங்கிப் படித்த கோடை வகுப்பு. 'இந்த வயசில் எனக்கெதற்குப் பட்டம்' என்று, முதல் நாளே ஊருக்குத் திரும்பப் பையைக் கட்டிவிட்டேன்.

கட்டிய பையோடு உட்கார்ந்த வகுப்பில், என் பக்கத்தில் பஸ் கண்டக்டர் ஒருவர். டூட்டி முடித்து நேரே வந்த அசதியில் உறங்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த பாடத்துக்குப் போகலாமா?" என்றார் பேராசிரியர்.

கண்டக்டர் கண்ணைத் திறக்காமலே, "போலாம் ரைட்!"

வகுப்பே சிரித்தது. அவர் பதறி எழுந்தார். "மன்னிச்சுக்கங்க சார், நம்ம சோலி அப்படி."

"இருக்கட்டும்ணே. இனிமே தெனமும் நீங்களே சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.

நான் பையை அவிழ்த்தேன். அதன்பிறகு அவர் ரைட் கொடுத்தால்தான் வகுப்பே பக்கத்தைத் திருப்பும்.

இன்று கண்டக்டர் "போலாம் ரைட்" என்றதும், மடியிலிருந்த பேப்பரில் பாதிகூடப் படிக்காமல் என் விரல் பக்கத்தைத் திருப்பிவிட்டது.

உங்கள் வகுப்பில் ரைட் கொடுத்தது யார்?