வலது மூலையில் ஒரு மலை

அரூரில் எங்கள் கேபிள் சேனலைப் பார்த்தவர்களுக்குத் திரையின் வலது மூலையில் இருந்த மலை நினைவிருக்கும். பச்சை மலை, பின்னால் மஞ்சள் சூரியன். அந்த லோகோவை வரைந்தவள் நான். தேவைக்கு மேல் பெரிசாகத்தான் வரைந்துவிட்டேன். எனக்கே தெரியும். வேறு யாராவது சொன்னால் மட்டும் கோபம் வரும்.

சேனல் கைமாறியபோது சேலத்திலிருந்து புது முதலாளி வந்தார். முதல் நாளே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மலை இனிமே எங்கயும் தெரியக் கூடாதும்மா. டிவியிலயும் சரி, வெப்சைட்லயும் சரி," என்றார். இரண்டு நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் என் மேசைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையது ஒரு படத்தைத் திறப்பதற்குள் நான் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இது தொட்டதும் திறந்தது. என் ரோஷத்தின் லட்சணம் அவ்வளவுதான். அன்று சாயங்காலமே புது லோகோவைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெப்சைட்டையும் நானே வடிவமைக்கிறேன் என்று வலியப் போய் வாங்கிக்கொண்டேன்.

வளர்பிறை முகூர்த்தத்தில் வெப்சைட்டைத் திறப்பதாக முடிவானது. அதற்கு முன்பு, பழையதிலிருந்து எவற்றை எடுத்து வர வேண்டும் என்று சேலத்து வெப்சைட்காரர் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். செய்தி வேண்டும். திருவிழா வீடியோ வேண்டும். "அஞ்சலி?" என்றார்.

அஞ்சலி என்றால், இறந்தவர்களின் படம். உறவுக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள். நான் சுத்தம் செய்து, மாலையும் விளக்கும் சேர்த்துக் கொடுப்பேன். டிவியில் ஒரு நாள் ஓடும், பிறகு வெப்சைட்டில் கிடக்கும். நல்ல நாளும் அதுவுமாகப் புது வெப்சைட்டில் இறந்தவர்கள் முகமா என்று எனக்குத் தோன்றியது. "வேண்டாம்," என்றேன். "தனியா எடுத்தாவது வைக்கட்டுங்களா?" என்று அவர் கேட்டார். "அதான் வேண்டாம்னு சொல்றேன்ல," என்றேன். பழைய வெப்சைட்டை அத்தோடு மூடிவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரையும் அந்த வாரமே துடைத்துக் காலியாக்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில் சித்தேரி மலையிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பையில் சாமை அரிசி கொண்டுவந்திருந்தார்.

"போன வருசம் எங்க வூட்டுக்காரிக்கு அஞ்சலி போட்டீங்கல்லங்க மேடம், அதையே போட்ருங்க. வெசாழக்கெழம வருசம் வருது. தேதிய மட்டும் மாத்துனாப் போதும்," என்று பையை என் மேசைக்கடியில் வைத்தார்.

படம் இருந்தால் கொடுங்கள் என்றேன், ஏதோ சும்மா கேட்பதுபோல.

"எங்கிட்ட ஏதுங்க? போன் கெணத்துல வுழுந்துருச்சு. ஆதார்ல இருக்கறது அவளே இல்லீங்க. போனாப் போவுது, டிவிக்காரங்ககிட்டத்தான் பத்திரமா இருக்குதேன்னு வுட்டுட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றால் நம்பியிருப்பார். ஆனால் அந்தச் சாமைப் பை காலில் இடித்துக்கொண்டிருந்தது. "நான்தாங்க அழிச்சேன்," என்றேன். "உங்களோடது மட்டுமில்ல. எல்லாத்தையும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, "தீர்த்தமலைல அவ தங்கச்சி இருக்கறாளுங்க. அன்னிக்கி டிவியில வந்தப்ப போன்ல புடிச்சி எல்லாருக்கும் அனுப்புச்சா," என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்வதுதான். சொந்தக்காரர் முகம் டிவியில் வந்தால் உடனே போனைத் தூக்கிவிடுவார்கள். அதைப் பார்த்து நான் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

என் போனிலிருந்தே பேசினார். வீடியோ வந்தது. கோணலாக எடுத்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். கீழே மரவள்ளிக்கு உரம் என்று விளம்பரம் ஓடியது. வலது பக்கம், அவர் மனைவி தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தை மறைத்துக்கொண்டு என் மலை உட்கார்ந்திருந்தது.

விளம்பரத்தை வெட்டிவிட்டேன். மலையை எடுக்கத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று. இடது பக்கத்து முடியை நகல் எடுத்து வலது பக்கம் ஒட்டி, புதுசாகப் பூவும் வைத்தேன். நன்றாகவே வந்திருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அவ மாதிரிதாங்க இருக்குது," என்றார். "ஆனா வேணாம். அந்த மலையோடவே போடுங்க. வருசம் பூரா எல்லாரு போன்லயும் அப்புடியேதான் பாத்துட்டு இருக்கறோம்."

முதலாளியின் அறைக்குப் போனேன். என் தப்பை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சத்தம் போடுவது. மலை தெரியத்தான் செய்யும், வேண்டுமானால் என்னை வேலையை விட்டு அனுப்பிக்கொள்ளுங்கள் என்று நின்றேன். நடந்ததை அவர் முழுசாகக் கேட்டார். "இந்த மாதிரி மொத்தம் எத்தன பேரு படம்மா இருந்துச்சு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கூடப் பார்க்காமல்தான் அழித்திருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

"போடுங்கம்மா," என்றார். "அந்த நேரத்துக்கு நம்ம புது லோகோவ எடுத்துருங்க. ரெண்டு எதுக்கு?"

வியாழக்கிழமை சித்தேரிக்காரர் மறுபடி மலையிறங்கி வந்தார். அவர் வீட்டில் கேபிள் கிடையாது. போன வருடம் படம் ஓடியபோது அவர் சுடுகாட்டில் இருந்தாராம். மனைவியை அவர் டிவியில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆபீஸ் டிவிக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். படம் வந்தது. என் மலையும் வந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து புதுப் போனை எடுத்து, திரைக்கு நேராகப் பிடித்தார்.

"எதுக்குங்க சிரமம்? நானே நல்ல படமா அனுப்பி வெக்கறேன். இங்கயும் பத்திரமா இருக்கும்," என்றேன்.

"இருக்கட்டுங்க மேடம்," என்றார் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், மெதுவாக. "எங்கிட்டயும் ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்."

படம் மறையும்வரை போனைத் தாழ்த்தவில்லை.