மைலேஜுக்காக ஏற்றிய காற்று

என் மனைவியின் முதுகுக்காகத்தான் நாங்கள் கார் வாங்கினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்ததன் அசிங்கம் முழுதாகத் தெரியாது.

அவள் ஸ்ரீமுஷ்ணம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பதினான்கு வருஷம் விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, பஸ்ஸின் ஆட்டம் ஆகாது என்றாகிவிட்டது. அந்த வருஷப் பொங்கல் முடிந்த கையோடு, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினோம். காலையில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் கம்பெனிக்குத் திரும்புவேன். சாயங்காலம் போய் அழைத்து வருவேன். நான் காரோட்டி வருவதை மற்ற டீச்சர்கள் பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வரும். அது எனக்கும் பிடித்திருந்தது.

எனக்கு வேலை பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில். சூளையிலிருந்து வருகிற சரக்கை வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடைத்து, உடையாமல் ஊர் போய்ச் சேர வைக்கிற பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். அங்கே ஆபீஸில் இருப்பவர் ஒருவர், என்னிடம் இருப்பது போலவே ஒரு கார் வைத்திருந்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்.

“எனக்கு இருவத்திரெண்டு குடுக்குது சார். ஒங்களுது?”

என்னுடையது லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் கொடுத்தது. “பத்தொம்பது” என்றேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரியே போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டேன். செலவில்லாமல் மைலேஜ் கூட்டுவது எப்படி என்று சொல்லித்தர உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

முதலில் செய்ததெல்லாம் நல்ல காரியம்தான். ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதிப்பது, தூரத்தில் லாரியைக் கண்டதுமே காலை எடுத்துவிடுவது. ஏப்ரலில் ஏசியை நிறுத்தினேன். ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும் என்று ஒருவன் சொல்லியிருந்தான். ஜன்னலையும் மூடினேன்.

“ஏசி போடுங்களேன், அனலா இருக்குது” என்றாள்.

“ஊரத் தாண்டுனதும் போடுறேன்.”

ஊர் தாண்டியது. முந்திரித் தோப்பும் தாண்டியது.

“இன்னும் அஞ்சு நிமிஷந்தான், ஸ்கூலு வந்துடுச்சு” என்றேன்.

முதுகோடு ஒட்டிய ஈரப் புடவையோடு அவள் இறங்கிப் போவதைப் பார்த்தேன். இரண்டு வாரம் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் போனதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு எடையைக் குறைக்க ஆரம்பித்தேன். ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தேன். ஜாக்கியை எடுத்தேன். அவள் திருத்துவதற்கென்று ஒரு பை நிறைய விடைத்தாள் கொண்டுவருவாள். அதைக் கையில் தூக்கிப் பார்த்து, “இது எத்தன கிலோ இருக்கும்?” என்றேன்.

அவள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “என்னையும் எறக்கி வுட்டுடுங்க. இன்னும் கொறையும்.”

சிரித்தேன். ஆனால் அவள் எடை என்ன இருக்கும் என்று ஒரு கணம் மனசுக்குள் கணக்குப் போட்டேன் என்பதுதான் உண்மை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது டயருக்கு வந்தேன். காற்று கூடுதலாக இருந்தால் டயர் தரையில் ஒட்டாது, வண்டி வழுக்கிக்கொண்டு போகும் என்று வீடியோ சொன்னது. பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கிறவரிடம், “நாப்பத்தஞ்சு வைங்க” என்றேன்.

“இந்த வண்டிக்கு முப்பது போதும் சார்.”

“பரவால்ல, வைங்க.”

“கல்லு மாரி ஆயிடும் சார். உள்ள ஒக்காந்து வரவங்களுக்குத் தூக்கித் தூக்கிப் போடும்.”

“வைங்கன்னு சொல்றன்ல?”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு நாலு டயரிலும் நாற்பத்தைந்து வைத்தார். வண்டி சலவைக்கல்லில் உருட்டிவிட்டதுபோல ஓடியது. பாலத்தின் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பஸ் ஸ்டாண்டு திருப்பம் வரைக்கும் தானே போனது. மைலேஜ் ஒன்றரை கிலோமீட்டர் கூடியது. அந்த வாரம் ஆபீஸ்காரரிடம் நானே வலியப் போய்ப் பேசினேன்.

ஸ்ரீமுஷ்ணம் ரோடு கரும்பு டிராக்டர்கள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமான ரோடு. ஒட்டுப் போட்ட இடம், பிளந்த இடம், ஊருக்கு ஊர் ஸ்பீட் பிரேக்கர். வண்டி ஒவ்வொன்றையும் அப்படியே வாங்கி உள்ளே கொடுத்தது. ஜூலையில் அவள், “மறுபடியும் காலு மரத்துப் போவுது” என்றாள். ஸ்பீட் பிரேக்கர் கண்ணில் பட்டதும் இரண்டு உள்ளங்கையையும் சீட்டில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். வண்டி ஏறி இறங்கியதும் மெதுவாகத் தன்னைக் கீழே வைப்பாள். நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். தினமும் பார்த்தேன்.

டாக்டரிடம் போனோம். “பஸ்ஸுல போறீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சார், கார்லதான். எனக்கோசரம் இவருதான் தெனமும் கொண்டுபோயி வுட்டுக் கூட்டியாறாரு” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்து, “ரொம்ப நல்லது” என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார். இப்படியே போனால் ஆபரேஷன் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முடியாது. ஆகஸ்டில் ஒருநாள், திட்டக்குடிக்கு அனுப்பிய சரக்கில் கால்வாசி உடைந்து திரும்பி வந்தது. டெம்போ டிரைவரை நிற்க வைத்துக் கத்தினேன். கீழே குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தேன். “இப்டி முட்ட முட்டக் காத்து வெச்சினு ஓட்டுனா பீங்கான் ஒடையாம என்னா பண்ணும்? காத்தக் கொறச்சு ஓட்டு. எத்தன தடவ சொல்றது?” என்றேன். என் வாயால் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே நாற்பத்தைந்து காற்றோடு போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். இடையில் எனக்கு உறைக்காமல் இல்லை. உறைத்ததை அமுக்கிவிட்டேன்.

மழை தொடங்கியதும் வண்டி இழுப்பதை நிறுத்தியது. எவ்வளவு மிதித்தாலும் ஏதோ பின்னால் பிடித்து வைத்தது போல நகர்ந்தது. மைலேஜ் பன்னிரண்டுக்கு விழுந்தது. கூடவே ஒரு நாற்றம். முதலில் ஈரத் துணி நாற்றம் என்று நினைத்தேன். நாலு நாளில் அது செத்த நாற்றம் என்று தெரிந்துவிட்டது. பிளோயரைப் போட்டால் முகத்தில் அடித்தது. சென்ட் பாட்டில் வாங்கித் தொங்கவிட்டேன். மல்லிகை வாசமும் பிண நாற்றமும் சேர்ந்து தனியாக ஒன்று ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். குனிய முடியாமல் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. இருவருமாக ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானெட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றி மூடியை எடுத்தார். எடுத்தவர் இரண்டடி பின்னால் போனார்.

“டீச்சர், நீங்க இங்க வராதீங்க.”

நான் போய்ப் பார்த்தேன். பெட்டி நிறைய வைக்கோல். எங்கள் கம்பெனி வைக்கோல்தான். பேக்கிங் ஷெட் பக்கத்தில் நிறுத்துகிற வண்டி அல்லவா. அதோடு ஷாம்பு கவர், கிழிந்த துணி, முந்திரித் தோல். நடுவில் குழி பறித்ததுபோல ஒரு படுக்கை. அதில் ஒரு பெரிய எலியும் விரல் நீளத்துக்கு ஐந்தாறு குட்டிகளும். அழுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நெளிந்துகொண்டிருந்தவை குட்டிகள் அல்ல, புழுக்கள். ஃபில்டர் தாள் மூத்திரத்தில் ஊறிக் கறுத்து மொத்தையாகியிருந்தது. இதன் வழியாக வந்த காற்றைத்தான் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. நாங்களும் அதன் பக்கத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

மெக்கானிக் கைலித் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு குச்சியால் வாரிக் கவரில் போட்டார். “இப்டி அடச்சினு இருந்தா வண்டி எப்டி மூச்சு வுடும்? அது இழுக்கல, நீங்க போட்டு மிதிக்கிறீங்க, அது குடிக்குது. கடேசியா எப்ப சார் தொறந்தீங்க?”

“தொறக்கல” என்றேன்.

“வாங்குனதுலேருந்தா?”

தலையை ஆட்டினேன். புது ஃபில்டர் ஒன்றும் பெரிய விலையில்லை. அதை மாற்ற வேண்டும் என்று நான் பார்த்த எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். மற்றவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய யோசனையையெல்லாம் கேட்டு நடந்தேன். என் கை அழுக்காகிற ஒன்றை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன்.

பெட்டியைக் கழுவி, புதியதைப் போட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வண்டியை எடுத்துப் போனார் மெக்கானிக். திரும்பி வந்து இறங்கியவர், முன் டயரைக் காலால் ஒரு உதை விட்டார்.

“என்னா சார் இது, மாட்டு வண்டியாட்டம் குதிக்குது?” கேஜை எடுத்து வந்து அளந்தார். “நாப்பத்தஞ்சு! யாரு வெச்சது?”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “பங்க்குல தெரியாம வெச்சிருப்பாங்க” என்றாள், எனக்குப் பதிலாக.

மெக்கானிக் மற்ற மூன்றையும் அளந்தார். “நாலுலயும் ஒரே அளவு இருக்குது டீச்சர். கேட்டுத்தான் வெச்சிருக்காங்க. இதுல இடுப்பு சரியில்லாதவங்க யாராச்சும் ஒக்காந்து போனா அவ்ளோதான்.”

அவர் வெகுளியாகத்தான் சொன்னார். குனிந்து ஒவ்வொரு டயராகக் காற்றைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தம் நிற்கும் வரைக்கும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவரில் கட்டிவைத்திருந்த எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் முதல் ஸ்பீட் பிரேக்கர் வந்தது. பழக்கத்தில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கினாள். வண்டி மெத்தென்று ஏறி இறங்கியது. அடுத்ததற்கு அவள் கையை ஊன்றவில்லை. மூன்றாவது தாண்டியதும் கேட்டாள்.

“எப்போலேருந்து?”

“ஸ்கூலு தொறந்ததுலேருந்து.”

“அஞ்சு மாசம்.”

“மைலேஜு கூடும்னு சொன்னாங்க...”

“எவ்ளோ கூடிச்சு?”

“ஒன்ற” என்றேன். ஒன்றரை. அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்தபோது, சற்று முன் பார்த்த பெட்டிக்குள் இருந்தது என் வாயில் இருப்பதுபோல இருந்தது.

அவள் கத்தவில்லை. வண்டியை விட்டு இறங்கும்போது, “டாக்டர்கிட்ட ஒங்களப் பத்திப் பெருமயா சொன்னன் பாருங்க, அத நெனச்சாதான் எனக்கு அருவெறுப்பா இருக்குது” என்றாள்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். டயர் சரியாக இருக்கிறது, ஏசி போடுகிறேன், வா என்றேன். “போயிட்டு வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். நான் காரை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் விழுந்துவிட்டால் தூக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ. பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே போனேன். பள்ளி நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். என் கார் நிற்பதைப் பார்த்தாள். திரும்பி நடந்துபோனாள்.

பத்து நாள் பஸ்ஸில் போனாள். பதினோராம் நாள் காலை, கால் தரையில் ஊன்ற முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். “கார எடுங்க. டாக்டர்கிட்ட போவணும்” என்றாள். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று முட்டாள்தனமாக நினைத்தேன்.

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். “வலி கூடிக்கிட்டே போயிருக்கே. கார்லதான போறீங்க?” என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். டயரில் காற்றைக் கூட்டி வைத்தது நான்தான் என்றும், ஐந்து மாதம் அப்படியே ஓட்டினேன் என்றும். டெம்போ டிரைவரைத் திட்டியதைக்கூடச் சொல்லிவிட்டேன். அது அவளுக்கே அதுவரை தெரியாது.

டாக்டரின் பேனா நின்றது. “எதுக்குங்க?”

“மைலேஜுக்கு.”

அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி அவளுக்கு நேராக வைத்துக்கொண்டார். பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார், ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம் என்றார், மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வழக்கமாக அதையெல்லாம் என்னிடம்தான் சொல்வார். அன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடமே சொல்லி, சீட்டையும் அவள் கையிலேயே கொடுத்தார்.