கரும்பலகைக்கு மேல் ஒரு டிரான்சிஸ்டர்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த காலம். கள்ளக்குறிச்சியைச் சுற்றிப் பல இடங்களில் புளியமரங்களை வெட்டிச் சாலையில் கிடத்தியிருந்தார்கள். கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். எனக்கு அது தோதாகத்தான் இருந்தது. மூட்டுகளில் தொடங்கிய காய்ச்சல் இதயம்வரை போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. அதனால் விட்டுப்போன பாடங்களை அந்த விடுமுறையில் படித்தேன்.

இயற்பியல் வகுப்பு நண்பர்கள் சிலர் சேர்ந்து, வீடுகளில் பழுதாகிக் கிடந்த டிரான்சிஸ்டர்களைக் கேட்டு வாங்கிச் சரிசெய்து, கல்வராயன் மலைப் பள்ளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தோம். வானொலிப் பாடங்களைப் பிள்ளைகள் கேட்கட்டும் என்று. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் ஈயம் உருக்கிக் கம்பிகளைப் பற்றவைப்பது என் பங்கு. மற்றவர்கள் மலைக்குப் போனார்கள்.

முதல் பெட்டியே பேசவில்லை என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. வெறும் இரைச்சலாம். எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

"ஊசி போட்டுக்கினு படுத்திருக்கறவன்கிட்ட வேலைய குடுத்தா இப்டித்தான்" என்றான் தோழன் ஒருவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அடுத்த பெட்டி என்னிடம் வரவில்லை.

மரங்களை அகற்றிப் பேருந்து ஓடத் தொடங்கியதும் மருத்துவரிடம் மலைக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"பஸ்ஸுதான மலை ஏறுது? நீ ஏறாத. ஊசிக்கு வந்துடு."

அந்தத் தோழனும் கூட வந்தான். வெள்ளிமலைப் பேருந்தில் போய்ப் பள்ளிக்குப் பக்கத்திலேயே இறங்கினோம். பெட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி, கரும்பலகைக்கு மேல் அசையாமல் திருகப்பட்டிருந்தது. கழற்றிக் கையில் பிடித்து மெல்லத் திருப்பினேன். கால் சுற்றில் இரைச்சல் விலகி, ஒரு பெண் குரல் கணக்குப் பாடம் சொன்னது.

பெட்டிக்குள் இருக்கும் ஏரியல் கம்பி, நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக இருந்தால்தான் அலையை நன்றாகப் பிடிக்கும். தேர்வில் எழுதியிருக்கிறோம். சரிசெய்கையில் பெட்டியைக் கையில் திருப்பித் திருப்பி வேலை பார்த்ததால் யாருக்கும் அது தோன்றவில்லை.

"பசங்க மூஞ்சியப் பாத்து இருக்கட்டும்னு நாந்தான் திருகினேன்" என்றான் தோழன்.

பக்கவாட்டுச் சுவரில் மாற்றித் திருகினோம். ஆசிரியர் சொன்னதும் பிள்ளைகள் மொத்தமாக அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

ஊசி நாளில் மருத்துவமனை வாசலில் தோழன் ஒரு பழைய பெட்டியோடு நின்றான். "இந்தா, புடி" என்றான். இடுப்பில் ஊசி போட்ட இடம் வலித்தது. வீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தபடி அதைத் திறந்தேன்.