துவக்கின் தோல் வார்

ஸ்ட்ரெதமில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், தன் தாத்தா இரண்டாம் உலகப் போருக்குக் கொண்டுபோன துவக்கைச் சுவரிலிருந்து இறக்கிக் காட்டினார். அதில் மெஷின் எண்ணெய் மணத்தது. எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டின் மணம்.

அதே போரில் பிரிட்டிஷ் படையில் இருந்த என் அப்பப்பாவும் ஒரு துவக்கோடுதான் திரும்பினார். அவருக்குப் பின் அப்பா அதை வெள்ளிதோறும் தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைப்பார். துவக்குகளை ஒப்படைக்கச் சொல்லி ஆமி அறிவித்தபோது, அதன் தோல் வாரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார்.

ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில், "வார் எங்கே?" என்றான்.

அப்பா இடுப்பைத் தொட்டார். "துவக்கைத்தானே கேட்டனீங்கள்? தந்திட்டன். இது தர ஏலாது."

சாகும்வரை அந்த வாரோடுதான் எல்லாச் சோதனைச்சாவடிகளையும் கடந்தார்.

"உங்கள் குடும்பத்தில் இப்படி ஏதாவது மிஞ்சியதா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஜாக்கெட்டை விலக்கி என் இடுப்பைக் காட்டினேன்.

"இது மிஞ்சியதல்ல. நாங்கள் கொடுக்காதது."