நீல விளக்கின் கீழ் தொண்ணூற்றெட்டு

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில் நான் நர்ஸாக இருந்த குழந்தைகள் வார்டுக்கு அந்த மெஷின் வந்தது. பாதத்தில் சென்சாரை ஒட்டினால் போதும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவிகிதம் என்று சிவப்பு எண்ணில் காட்டும். ஊசி குத்த வேண்டாம். எல்லாருக்கும் அதன்மேல் ஒரே மோகம்.

அப்போதுதான் தோ பாயோவிலிருந்து செலின் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் முடிந்ததிலிருந்தே பிள்ளை மஞ்சளாகிக்கொண்டு வந்தானாம். அவனுக்கு ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு. பாச்சை உருண்டை வாடை பட்டாலே ரத்த அணு உடையும் என்று பிறந்தபோதே சொல்லி அனுப்பியிருந்தோம்.

மஞ்சள் இறங்க நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தோம். மெஷின் 98 காட்டியது. வெளிச்சம் பட்டு உளறுகிறதோ என்று காலைத் துணியால் மூடினேன். அப்போதும் 98.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வாய் பால் குடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. நீல வெளிச்சத்தில் நிறமும் தெரியவில்லை.

"டாக்டர், லைட்டை ஆஃப் பண்ணிப் பாக்கணும்."

"ஆக்ஸிஜன் நல்லாத்தானே இருக்கு சிஸ்டர், ஏன் டென்ஷன்?" என்றார் டாக்டர் விமலா.

"டென்ஷன்தான் லா! நீங்களே வந்து பாருங்க."

ஜன்னலோரம் தூக்கிப்போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தோம். சிவப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம் ரத்தமே இல்லாமல் வெள்ளைவெளேர். டாக்டரின் முகம் மாறியது.

"பிளட் பேங்குக்குப் போன் பண்ணுங்க. அர்ஜென்ட்!"

செலின் பிள்ளைக்குப் போர்த்த ஒரு வெள்ளைச் சால்வையை நீட்டினாள். குப்பென்று அந்த வாடை.

"இது எங்க இருந்துச்சு?"

"மூத்தவ ஞானஸ்நானத்துக்கு வாங்கினது சிஸ்டர். அலமாரியில பத்திரமா வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை இதுலதான் சுத்தித் தூக்கிட்டுப் போனோம். இவன் துணியில உருண்டை போடவே இல்லையே..." சொல்லும்போதே புரிந்துபோய் அழுதாள்.

ரத்தம் ஏறும்போது டாக்டர் சொன்னார்: "மிச்சமிருக்கிற ரத்தத்துல ஆக்ஸிஜன் நிறைஞ்சிருக்குன்னுதான் மெஷின் சொல்லுது. ரத்தம் எவ்வளவு மிச்சம்னு அதுக்குத் தெரியாது. சிஸ்டர், நல்லவேளை நீங்க விடல."

மறுநாள் காலை பிள்ளையின் உதட்டில் நிறம் வந்திருந்தது. செலின் மெஷினையே வெறித்துப் பார்த்தாள்.

"நேத்தும் இதே தொண்ணூத்தெட்டுதானே சிஸ்டர்?"

"ஆமா. அதை விடுங்க. பசியில கத்துறான் பாருங்க, பால் குடுங்க."

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் விளக்கை அணைத்துப் பிள்ளையைப் பாருங்கள். எண்ணை அப்புறம் பார்க்கலாம். சாகக் கிடந்தபோதும் அவனுக்கு 98, பிழைத்து அழுதபோதும் 98.