என் பெயரில் நடந்த வைத்தியம்

மனநல டாக்டர் மாதத்தில் இரண்டு புதன்கிழமைதான் வருவார். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்க ஒன்பதரை ஆகும். பன்னிரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்துத் திரும்ப வேண்டும். காபி, ஆபீஸ் அறையில் பேச்சு எல்லாம் போக நோயாளிகளுக்கு மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருப்போம், பெஞ்சுகள் மூன்று. ஆளுக்கு நான்கு நிமிஷம்கூட வராது என்று ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்த்து எரிச்சல்பட்டதுதான் மிச்சம்.

பெரம்பலூருக்கு வெளியே இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரி அது. எழுபதுகளின் கடைசி. நான் பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார். என் தம்பி அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் குமாஸ்தா. சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளின் எடையை எழுதுவது அவன் வேலை. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய இரண்டாவது ஆள் அவன். முதல் ஆள் நான்.

மாசி மாதம் அவனுக்கு ஆரம்பித்தது. லாரி டிரைவர்கள் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள் என்றான். தூக்கம் போயிற்று. சோற்றில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். அவனை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மூளை சரியில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, ஆலைக்கு மஞ்சள் காமாலை என்று லீவு எழுதிப் போட்டேன். செட்டிகுளத்துச் சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். நான் படித்தவன், ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்றேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன்.

சீட்டு எழுதும் ஜன்னலில் இருந்தவரின் மைத்துனர், என் தம்பி வேலை பார்த்த ஆலையிலேயே இருந்தார். சீட்டு எழுதுபவர் "பேரு?" என்று கேட்டபோது என் வாயில் என் பெயரே வந்தது. வயது கேட்டார், என் வயதைச் சொன்னேன். எனக்கு வேலை நிரந்தரம், கல்யாணம் முடிந்து இரண்டு பிள்ளைகள். என் பெயர் அந்த நோட்டில் ஏறினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அந்த ஒரு நொடியில் தீர்மானித்துவிட்டேன்.

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். தம்பி என்னைப் பார்த்தான்.

"அது உங்க பேராச்சேண்ணே?"

"பேசாம எந்திரிச்சு வாடா."

வரிசையில் பாதிப் பேர் இப்படித்தான் என்பது போகப் போகத் தெரிந்தது. ரஞ்சன்குடியிலிருந்து வந்த ஒரு அம்மா, மகளுக்குத் தானே கொடுத்த பொய்ப் பெயரை மறந்துவிட்டு, ஆள் வந்து ஐந்து தடவை கூப்பிட்டும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மாதத்தில் பத்து முறை போனோம். மாத்திரைகளை நானே எண்ணிக் கொடுத்தேன். நான்காவது மாதம் தம்பி வயிறாரச் சாப்பிட்டான், தூங்கினான், என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். டாக்டரும் "இனி வேலைக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் விட்டுடக் கூடாது" என்றார். அந்தச் சமயத்தில் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து உடல் தகுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பதினைந்து நாளுக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

எனக்குச் சந்தோஷம்தான். வியாதி இன்னது என்று எழுதாமல் 'என் சிகிச்சையில் இருந்தார், இப்போது நலம்' என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த புதன்கிழமை ஜன்னலில் கேட்டபோது சீட்டு எழுதுபவர் நோட்டைப் புரட்டினார்.

"உங்க தம்பி பேருல இங்க ஒண்ணுமே இல்லியே சார். உங்க பேருலதானே பத்து வாட்டி வந்திருக்கு?"

"பேரு என்னோடது. ஆளு இவன்."

"வாத்தியாரே இப்புடிச் செஞ்சா எப்புடி சார்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரிடம் ஓடினேன். அவர் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரத்தான் பாத்தேன், எனக்குத் தெரியுது. ஆனா பேப்பர்ல இருக்கறது நீங்க. நான் எழுதினா உங்களுக்குத்தான் எழுத முடியும்."

"இத்தன நாளா மூஞ்சியப் பாத்துத்தானே மாத்திரை குடுத்தீங்க?"

"மூஞ்சியப் பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தா என் வேலை போயிடும் சார். அவர் பேருல புதுச் சீட்டுப் போடுங்க. மூணு மாசம் பாத்துட்டு எழுதறேன்."

"பதினஞ்சு நாள்தான் கெடு, அதுலயும் ஒம்போது போயிடுச்சு!"

"முதல் நாளே நெசத்தச் சொல்லியிருந்தா இந்நேரம் எழுதிக் குடுத்திருப்பேனே?"

வெளியே வந்து அவரை, ஆஸ்பத்திரியை, ஜன்னலை, எல்லாவற்றையும் திட்டினேன். தம்பி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்:

"உங்க பேருல எனக்குக் குணமாயிடுச்சுண்ணே. என் பேருல இனிமேத்தான் பைத்தியம் புடிக்கணும்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனே ஜன்னலுக்குப் போய்த் தன் பெயரைச் சொன்னான். "என்ன செய்யுது?" என்று கேட்டார் சீட்டு எழுதுபவர். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டான்.

"மனசு சரியில்லாம இருந்துச்சு. மாத்திரை சாப்பிட்டுத் தேறிட்டேன். அப்புடியே எழுதிக்குங்க."

ஜன்னலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவன் முகத்தில் கொஞ்சமும் மாற்றமில்லை. வேர்த்தது எனக்குத்தான்.

ஆலைக்குப் போய் நேரில் கெஞ்சினேன். காமாலைக்கு எந்த டாக்டர் சான்றிதழ் தரமாட்டார் என்று அதிகாரி கேட்டார். உண்மையைச் சொல்ல அங்கேயும் என் நாக்கு எழவில்லை. தம்பி சொல்ல வாயெடுத்தபோது, நான்தான் "வா போகலாம்" என்று கிளப்பிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து டாக்டர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். அதற்குள் எடை எழுத வேறு ஒருவன் வந்துவிட்டிருந்தான். தம்பியை அதே ஆலையின் சுரங்கத்தில் காண்டிராக்டரிடம் தினக்கூலிக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

கூலிக்குப் போன பிறகு வந்த முதல் புதன்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி நின்றேன்.

"நீங்க வேணாம்ணே. நான் போயிட்டு வரேன்."

"கூட யாராவது வேணாமாடா?"

"என் பேரு எனக்கே சொல்லத் தெரியும்."

அதற்குப் பிறகு அவன் எத்தனை முறை போனான், என்ன மாத்திரை சாப்பிட்டான், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால் "சாப்பிட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.